போஸ்ட்மாஸ்டர் கதவுக்கு மேலே

போன மாதம் வாசிப்பு வட்டம் முடிந்த பிறகு, தம்பி ஒருவர் சுருட்டி வைத்திருந்த சார்ட் பேப்பரைப் பாயில் விரித்தார். எங்கள் காலனி சமுதாயக் கூடத்தின் வெளிச்சுவரில் வரைவதற்கான மாதிரி. கல்லூரியில் படிக்கும் ஆறேழு பேர் இரண்டு வாரம் உட்கார்ந்து போட்டது. நடுவில் அண்ணல் அம்பேத்கர். ஒரு பக்கம் நடவு நடும் பெண்கள், சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளி. இன்னொரு பக்கம் பறையடிக்கும் இளைஞர்கள். நன்றாகவே வரைந்திருந்தார்கள்.

எங்கள் கூட்டங்களுக்கு டீ போட்டுக் கொண்டுவரும் பெரியம்மாவும் எட்டிப் பார்த்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நடவுப் பெண்களில் ஒருத்தி மீது விரலை வைத்து, "இது யாரு, நானா?" என்றார்.

"உங்கள மாதிரி உழைச்சவங்க எல்லாரும்தான் பெரியம்மா."

"அப்ப மூஞ்சி எங்கப்பா?"

குனிந்து நடுகிறவர்களை வரைந்தால் முதுகுதானே தெரியும். தம்பி அதைச் சொல்லப் பார்த்தார். பெரியம்மா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே, "நாப்பது வருசம் குனிஞ்சாச்சு. செவுத்துலயும் குனிஞ்சே நிக்கணுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை வாட்ஸ்அப் குழுவில் இன்னும் ஓயவில்லை. உழைப்பை மறைப்பது நம்மைப் பார்த்து நாமே வெட்கப்படுவதாகும் என்கிறார்கள் சிலர். நம்மை எப்போதும் வேதனைப்படும் உடம்பாகவே காட்டுவது பொதுப்புத்தியின் வேலை, அதை நாமும் ஏன் செய்ய வேண்டும் என்கிறார்கள் சிலர். என்னிடம் கருத்துக் கேட்டார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவை அமெரிக்காவின் சிறு நகரத் தபால் நிலையங்கள். கொஞ்சம் சுற்றுவழிதான், பொறுத்துக்கொண்டு வாருங்கள் தோழர்களே.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவே வேலையின்றிக் கிடந்தபோது, ரூஸ்வெல்ட் அரசு நாடு முழுக்கப் புதிய தபால் நிலையங்களைக் கட்டியது. அவற்றுக்குள் ஓவியமும் சிற்பமும் வைப்பதற்காக 1934 அக்டோபரில் கருவூலத் துறைக்குள் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. கட்டடச் செலவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு கலைக்கு. 1943 வரை அது இயங்கியது. 1,300க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் உருவாயின. அருங்காட்சியகத்தையே பார்த்திராத விவசாயி, சுரங்கத் தொழிலாளி, மளிகைக்கடைக்காரர் எல்லாரும் ஸ்டாம்பு வாங்க வந்த இடத்தில் ஓவியம் பார்த்தார்கள். இவற்றை நிவாரண வேலைத் திட்டத்தின் கீழ் வரைந்தவை என்று இணையத்தில் பலரும் எழுதுகிறார்கள், அது தவறு. நிவாரணத்துக்குத் தனித் திட்டம் இருந்தது. இங்கே போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தவர் பெயர் நடுவர்களுக்குத் தெரியாத போட்டி. சாதிச் சான்றிதழ் பார்க்காத தேர்வு மாதிரி கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, இல்லையா? முடிவைப் பாருங்கள். மொத்தம் 850 ஓவியர்கள். அதில் பெண்கள் 162 பேர். கறுப்பினத்தவர் 3 பேர்.

ஓவியம் எங்கே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சிறு நகரங்களில் அதற்கு ஒரே இடம்தான்: முன்கூடத்தின் ஓரத்தில், போஸ்ட்மாஸ்டர் அறையின் கதவுக்கு மேலே உள்ள சுவர். கீழே அதிகாரம் உட்கார்ந்திருக்கும் அறை. மேலே அந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. வரிசையில் நிற்பவர்கள் இரண்டையும் சேர்த்தேதான் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

தபால் நிலையம் என்றால் எனக்குள் என்ன வரும் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. உங்கள் தலைமுறைக்கு எல்லாம் போனில் வந்துவிடுகிறது. எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகம் ஊர்த்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தது. கிளை அஞ்சலகத்துக்குப் பெரும்பாலும் அரசுக் கட்டடம் கிடையாது, அதை நடத்துகிறவரே இடம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படியானால் அஞ்சலகம் யார் வீட்டில் இருக்கும், அந்த வீட்டுத் திண்ணையில் யார் ஏற முடியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. என் அம்மா மணியார்டர் வாங்கத் தெருவில் நின்று கையை நீட்டுவார். தபால்காரர் காலனிக்குள் வரமாட்டார். எல்லையில் உள்ள வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி மணியடிப்பார். பிள்ளைகள் ஓடுவோம். கடிதங்களை மரத்தடிக் கல்லின் மேல் போட்டுவிட்டு அவர் ஏறிப் போன பிறகுதான் எடுக்க வேண்டும். இதை எங்கள் ஊர்க் கொடுமை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006இல் வெளியான 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' நூலைப் படித்தபோதுதான், ஏறத்தாழ நான்கில் ஒரு கிராமத்தில் தலித் வீடுகளுக்குத் தபால் நேராக வந்து சேருவதில்லை என்று தெரிந்தது.

அதனால்தான் மின்னி காக்ஸ் கதையை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மிசிசிப்பி மாநிலத்தில் இண்டியனோலா என்று ஒரு சிறு ஊர், பருத்தி விளையும் டெல்டா பூமி. அங்கே 1891இல் போஸ்ட்மாஸ்டராக நியமிக்கப்பட்ட கறுப்பினப் பெண் அவர். யாராவது பெட்டி வாடகை கட்டத் தவறினால் தன் கைக்காசைப் போட்டுக் கட்டுவார். தபால் வந்திருக்கிறதா என்று ஊரார் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தன் செலவில் தொலைபேசி வைத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லாத ஊழியர். 1902இல் ஊர் வெள்ளையர்கள் கூட்டம் போட்டு அவர் பதவி விலக வேண்டும் என்றார்கள். வேலையில் என்ன குற்றம்? ஒன்றுமில்லை. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததே குற்றம். அப்போதைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரது ராஜினாமாவை ஏற்கவில்லை. 1903 ஜனவரியில் தபால் நிலையத்தையே மூடினார். அவருடைய சம்பளம் போய்க்கொண்டிருந்தது, தபாலை மட்டும் வேறு ஊரில் போய் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மின்னி காக்ஸோ உயிருக்குப் பயந்து ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. மறு வருடம் வெள்ளைக்காரப் போஸ்ட்மாஸ்டரோடு தபால் நிலையம் திறந்தது. பிறகு காக்ஸ் தம்பதியர் அதே ஊருக்குத் திரும்பி வந்து கறுப்பின மக்களுக்காக வங்கி தொடங்கினார்கள் என்பது தனிக்கதை. ஒருநாள் விரிவாக எழுத வேண்டும்.

அவரது உயிராவது தப்பியது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1898 பிப்ரவரியில், தெற்குக் கரோலினாவின் லேக் சிட்டியில் ஃப்ரேசியர் பேக்கர் என்ற கறுப்பினப் போஸ்ட்மாஸ்டரின் வீட்டுக்கு நள்ளிரவில் தீ வைத்தார்கள். வீடும் தபால் நிலையமும் ஒன்றேதான். வெளியே வந்தவர்களைச் சுட்டார்கள். அவரும், தாயின் கையிலிருந்த பெண் குழந்தையும் இறந்தார்கள். வழக்கு நடந்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. கீழ்வெண்மணி தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இப்போது சுவருக்கு வருவோம். மின்னி காக்ஸை விரட்டி முப்பத்தாறு வருடம் கழித்து, 1939இல் இண்டியனோலா தபால் நிலையத்துக்கு ஒரு சுவரோவியம் வந்தது. தலைப்பு 'டெல்டாவின் வெள்ளைத் தங்கம்'. பருத்தி! அந்த ஊர்த் தபால் நிலையத்தின் வரலாற்றில் நாடே பேசிய ஒரு பெண் இருந்தார். ஆனால் சுவர் பேச எடுத்துக்கொண்டது பருத்தியின் பெருமையை. ஓவியர் கெட்ட எண்ணத்தோடு வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. உள்ளூர்க்காரர்களிடம் பேசி, ஊர் விரும்புவதை வரைய வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவு ஓவியர்களுக்குச் சொன்ன நெறி. உள்ளூர்க்காரர் என்று யாரைக் கேட்டார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஓவியம் இப்போது இல்லை, அழிந்துவிட்டது. ஊர்த் தபால் நிலையத்துக்கு இன்று மின்னி காக்ஸ் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தென்மாநிலச் சுவர்களில் கறுப்பின மக்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். பக்கத்து ஊரான லீலண்டில் பருத்தி அரைவை ஆலையில் இருக்கிறார்கள். டெக்சாஸின் லிண்டன் ஊரில் பருத்தி பறிக்கிறார்கள். அந்த ஓவியர்களில் சிலர் உழைப்பாளர் பக்கம் நின்றவர்கள். லிண்டன் ஓவியத்தை வரைந்த விக்டர் அர்னாட்டாஃப் இடதுசாரி. ஆனாலும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வரும்போது ஒன்று உறுத்தும். வயல் இருக்கும், மூட்டை இருக்கும், கறுப்பு உடல்கள் இருக்கும். ஆசிரியராக, போதகராக, போஸ்ட்மாஸ்டராக ஒரு கறுப்பினத்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். 'இது யாரு, நானா' என்று கேட்க ஒரு பெரியம்மா அங்கேயும் வரிசையில் நின்றிருப்பார். அவரிடம் யார் கருத்துக் கேட்டார்கள்?

திரை போட்ட கதைகள் இரண்டு உண்டு. இரண்டும் அதே பிரிவு 1938இல் நீதிமன்றங்களில் வைத்த ஓவியங்கள். தெற்குக் கரோலினாவின் எய்க்கனில் நீதி தேவதையை வரைந்தார் ஸ்டெஃபான் ஹிர்ஷ். அவளுடைய நிறம் கொஞ்சம் மாநிறமாக இருந்ததாம். கலப்பினப் பெண்ணை நீதி என்று காட்டுவதா என்று உள்ளூரில் கூச்சல். நீதிபதி அதைத் தன் அறையில் சகிக்க மறுத்தார், திரை போட்டு மூடினார்கள். மிசிசிப்பி தலைநகர் ஜாக்சனில் தபால் நிலையமும் நீதிமன்றமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. அங்கே நீதிபதியின் இருக்கைக்குப் பின்னால் சிம்கா சிம்கோவிச்சின் ஓவியம்: நடுவில் கண்ணியமான வெள்ளைக் குடும்பம், ஓரத்தில் பருத்தி பறிக்கும் கறுப்பினத்தவர், பாஞ்சோ வாசிக்கும் ஒருவர். 1960களில் சிவில் உரிமை வழக்குகள் அந்த அறைக்கு வந்தபோது ஓவியத்துக்குத் திரை வந்தது. சம உரிமை கேட்டு ஒரு கறுப்பினத்தவர் நிற்கும்போது, நீதிபதியின் தலைக்குப் பின்னால் அந்தச் சுவர் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. எய்க்கனில் சாதி தன் முகம் சுளித்து மூடியது. ஜாக்சனில் அது தன் முகத்தையே மூடிக்கொண்டது.

எல்லாவற்றையும் நிறத்தோடு நிறுத்திவிடக் கூடாது. ஐடஹோ மாநிலத்தின் கெலாக் சுரங்க ஊர். 1939இல் மாநிலத்துக்கு ஒரு ஊர் என்று 48 மாநிலங்களுக்கும் நடத்திய பெரிய போட்டியில் ஃப்ளெட்சர் மார்ட்டின் வென்றார். அவர் வரைந்தது, விபத்தில் சிக்கிய தொழிலாளியைத் தூக்கிக்கொண்டு சுரங்கத்திலிருந்து வெளியே வரும் சக தொழிலாளர்கள். சுரங்க முதலாளிகள் எதிர்த்தார்கள். தொழிற்சங்கம் அந்தப் படம்தான் வேண்டும் என்றது. வாஷிங்டன் யார் பக்கம் சாய்ந்திருக்கும்? 1941இல் சுவரேறியது வேறு படம்: அந்தச் சுரங்கத்தைக் கண்டுபிடித்ததாக ஊர்க்கதை சொல்லும் நோவா கெலாக்கும் அவருடைய கழுதையும். செத்துப் பிழைத்த தொழிலாளிக்கு இல்லாத இடம் கழுதைக்குக் கிடைத்தது. மலக்குழியில் இறப்பவர்கள் பெயரை நம் ஊர்களில் எந்தச் சுவரில் பார்த்திருக்கிறீர்கள்? ஆகவே, வேதனையை வரையவே கூடாது என்று வாதிடும் தங்கைகள் கெலாக்கையும் கணக்கில் எடுங்கள். அங்கே அந்த வேதனையைத் தம்முடையது என்று கேட்டு நின்றவர்கள் தொழிலாளர்களே.

நான் சொல்ல வந்ததை மிகத் தெளிவாகக் காட்டுபவை ஓக்லஹோமாவின் இரண்டு ஊர்கள். முதலாவது வாட்டோங்கா. 1941இல் அங்கே ஈடித் மாஹியர் 'ரோமன் நோஸ் பள்ளத்தாக்கு' என்று ஒரு ஓவியம் வரைந்தார். ரோமன் நோஸ் என்பவர் அந்தப் பகுதியில் வாழ்ந்த ஷையன் பூர்வகுடித் தலைவர். ஓவியம் திறந்ததும் ரெட் பேர்ட் என்ற ஷையன் தலைவர் ஆட்களோடு தபால் நிலையத்துக்கே வந்து போராடினார். எங்கள் தலைவர் பார்ப்பதற்கு நவஹோக்காரர் மாதிரி இருக்கிறார், குழந்தை பன்றிக்குட்டி மாதிரி இருக்கிறது என்பது அவருடைய புகார். பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாக எழுதின. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பூர்வகுடி என்றால் எல்லாரும் ஒன்றுதான் என்று நினைக்கிற கண்ணுக்கு ஷையனும் நவஹோவும் வேறு வேறு என்று தெரியாது. நம்மையும் அப்படித்தான் 'எஸ்.சி. ஆளுங்க' என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறார்கள்.

இரண்டாவது ஊர் அனடார்கோ. அங்கே தபால் நிலையச் சுவர்களில் 16 ஓவியங்கள். 1936-37இல் வரைந்தவர் ஸ்டீபன் மோபோப், கயோவா பூர்வகுடியைச் சேர்ந்தவர். உடன் வேலை செய்த ஸ்பென்சர் ஆசாவும் ஜேம்ஸ் ஆக்கையாவும் கயோவாக்களே. நடனக்காரர்கள், எருமை வேட்டை, கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு இடம் மாறும் குடும்பங்கள். பின்னணியில் மலையும் மேகமும் கிடையாது, வெறும் தட்டையான நிறம், அதன்மேல் மனிதர்கள். எந்தச் சமூகத்தின் உடை, எந்த நடனத்துக்கு என்ன இறகு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவை இன்றும் அங்கே இருக்கின்றன.

இதில் ஒரு முரண் உண்டு. இந்தக் கயோவா இளைஞர்கள் 1920களில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்றபோது அவர்களோடு இருந்த ஆசிரியைகளில் ஒருவர் ஈடித் மாஹியர். வாட்டோங்காவில் திட்டு வாங்கிய அதே மாஹியர்தான். எதிரி இல்லை, நல்ல மனசுக்காரர், பூர்வகுடிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். அப்படிப்பட்டவர் கையிலும் ரோமன் நோஸ் வேறு ஆளாகிப் போனார். நமக்காகப் பேசும் நல்லவர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வருகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பெரியம்மாவைப் பொறுத்தவரை நம் கல்லூரித் தம்பிகளும் மாஹியர்தான். ஒரே காலனி, ஒரே சாதி. இருந்தும் அவரைக் கேட்காமல் அவரை வரைந்தார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சார்ட் பேப்பரைப் பார்த்து முதலில் 'சபாஷ்' என்றவன் நான்.

இவ்வளவையும் குழுவில் எழுதிவிட்டு, போன ஞாயிறு மாலை மூன்று பேரோடு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். என்ன வரையலாம் என்று கேட்டோம். முதலில் "எனக்கு என்னடா தெரியும்" என்றார். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே, நான் சின்ன வயதில் அரைகுறையாகக் கேட்டிருந்த ஒன்றை முழுசாகச் சொன்னார். பெரியப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்த காலம். மணியார்டர் வந்து பத்து நாளாகியும் தகவல் இல்லை. பெரியம்மாவும் வேறு நான்கு பெண்களும் அந்தத் திண்ணை வீட்டுக்கு எதிரே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. ஊர்ப்பெரியவர்கள் வந்து மிரட்டினார்கள். அடுத்த நாள் டவுனுக்கு நடந்துபோய், யாரையோ பிடித்து மனு எழுதி, ஐந்து பேரும் கைநாட்டு வைத்துப் பெரிய தபாலாபீசில் கொடுத்தார்கள். அதோடு விட்டுவிடவில்லை, மாசம் ஒரு தடவை போய் நின்றார்கள். அடுத்த தை மாதம் தபால்காரரின் சைக்கிள் வேப்பமரத்தைத் தாண்டித் தெருவுக்குள் வந்தது.

அவரது மணியடிக்கும் சத்தம் வாசலில் கேட்ட அந்த நாள் எனக்கும் லேசாக நினைவிருக்கிறது. ஆனால் அது தானாக வந்தது என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அத வரைங்க" என்றார் பெரியம்மா. "அஞ்சு பேரு மூஞ்சியும் தெரியணும். ரெண்டு பேரு போய்ச் சேந்துட்டாங்க. அவங்க மக வீட்ல போட்டோ இருக்கும், வாங்கிக்குங்க."

நடவையும் வரையட்டுமா என்று தம்பி தயங்கிக் கேட்டார். "வரைங்க, யாரு வேணாம்னா? ஒரு ஓரமா நெமுந்து நின்னு வெத்தல போடுற மாதிரி போடு. நடவுல அதுவும் உண்டுல்ல?"

புதிய மாதிரி பாதி முடிந்திருக்கிறது. ஐந்தில் நான்கு போட்டோ கிடைத்துவிட்டது. ஐந்தாவது அம்மாவுக்குப் படமே எடுக்கவில்லையாம். அவருடைய மகளை உட்கார வைத்து, பெரியம்மா பக்கத்திலிருந்து "மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பை" என்று சொல்லச் சொல்லத் தங்கை ஒருத்தி பென்சிலில் போட்டுக்கொண்டிருக்கிறாள். சைக்கிள் வரையத்தான் யாருக்கும் சரியாக வரவில்லை. வரும் ஞாயிறு சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். பக்கத்து ஊர்த் தோழர்கள் வருவதென்றால் ஏணி ஒன்று கொண்டுவாருங்கள்.